இலச்சினை முதல் மின்னொப்பம் வரை: திருவள்ளூர் வட்டாரத்தை முன்வைத்து ஆவணச் சான்றின் பழுதுகள் குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆவணத்தை நம்பத்தக்கதாக ஆக்குவது அதன்மேல் இடப்பட்ட ஒப்பமா, அவ்வொப்பத்தை ஏற்றுக்கொள்ளும் அமைப்பா என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த சோழச் செப்பேட்டின் இலச்சினை ஒரு முனையாகவும், அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை நிறுவனங்கள் இன்று பயன்படுத்தும் மின்னொப்பம் மறுமுனையாகவும் கொள்ளப்படுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2000 முதல் மின்னொப்பத்தில் நேர்ந்துள்ள பழுதுகள் வகைப்படுத்தப்பட்டு, 2014-இல் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பில் நேர்ந்த முறிவு தனியே ஆராயப்படுகிறது. ஒப்பத்தின் பழுது பெரும்பாலும் கணிதத்தின் பழுதன்று. ஏற்புச் சங்கிலியின் பழுது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: செப்பேடு, இலச்சினை, மின்னொப்பம், தனித்திறவி, வேர்ச் சான்றிதழ், திருவாலங்காடு, கும்மிடிப்பூண்டி

முன்னுரை

வட்டாட்சியர் மின்னொப்பமிட்ட சாதிச் சான்றிதழையோ வருமானச் சான்றிதழையோ கணினியில் திறப்பவர், ஒப்பத்தின்மேல் மஞ்சள் நிற வினாக்குறியும் ஒப்பம் சரிபார்க்கப்படவில்லை என்னும் குறிப்பும் தோன்றக் காண்பதுண்டு. சான்றிதழ் போலியோ என்னும் ஐயம் பெறுபவருக்கும் எழுகிறது. அதை வாங்கிப் பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் எழுகிறது. உண்மையில் அக்குறி போலி என்று சொல்லவில்லை. ஒப்பமிட்டவரை யார் அறிமுகப்படுத்தினார் என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்ப நுணுக்கமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அது ஆவணவியலின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்றாகும்.

செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டம் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களம். அதன் மேற்குப் பகுதியில், திருத்தணிக்கு அருகே, சோழர் ஆவணங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றைத் தந்த திருவாலங்காடு உள்ளது. வடகிழக்கில், ஆந்திர எல்லையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த கும்மிடிப்பூண்டி உள்ளது. அங்குள்ள எஃகு உருட்டாலைகளும் வார்ப்பாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அரசுக்குச் செலுத்தும் கணக்குகள் பலவும் இன்று மின்னொப்பத்துடனேயே செல்கின்றன. ஒரே மாவட்டத்தில் நின்று, ஆயிரம் ஆண்டு இடைவெளியில், ஆவணச் சான்று எவ்வாறு உருவாகிறது, எங்கே உடைகிறது என்பதை ஒப்பிட்டுக் காண இது வழிசெய்கிறது.

1. செப்பேடும் ஏற்புச் சங்கிலியும்

திருவாலங்காட்டுச் செப்பேடு 1905-இல் கண்டெடுக்கப்பட்டது. 31 ஏடுகள் கொண்ட இது தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் மூன்றாம் மடலில் எச். கிருஷ்ண சாஸ்திரியால் பதிப்பிக்கப்பட்டது. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது. ஏடுகள் அனைத்தும் ஒரு செப்பு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் முனைகள் இணையும் இடத்தில் சோழ இலச்சினை பொருத்தப்பட்டுள்ளது. புலி, இணைக்கயல், வில் ஆகிய உருவங்களும் வேந்தன் பெயர் தாங்கிய வடமொழி வாசகமும் அதில் உள்ளன.

வளையத்தின் பணி அழகு சேர்ப்பதன்று. ஓர் ஏட்டைச் செருக வேண்டுமானாலும் உருவ வேண்டுமானாலும் வளையத்தை அறுத்தாக வேண்டும். செப்பேடுகளைப் பதிப்பித்த அறிஞர்கள், ஏடுகள் தம் கைக்கு வந்தபோது வளையம் அறுபடாமல் இருந்ததா, முன்பே அறுக்கப்பட்டிருந்ததா என்பதைத் தவறாமல் குறித்தது இதனாலேயே. வாசகம் மாற்றப்படவில்லை என்பதற்கு வளையமும், ஆணை யாருடையது என்பதற்கு இலச்சினையும் சான்றாயின.

எனினும் இலச்சினை தனித்து நின்று செயல்படவில்லை. திருவாலங்காடு, ஆனைமங்கலம் முதலிய சோழச் செப்பேடுகள் ஆணை ஒன்று செல்லும் வழியை விரிவாகக் காட்டுகின்றன. வேந்தனின் வாய்மொழி ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதினான். ஓலைநாயகம் அதற்கு ஒப்புதல் தந்தான். வரித்துறை அதிகாரிகள் கூடியிருந்து அதனை வரிப் பதிவேட்டில் ஏற்றினர். பின்னர் ஓலை நாட்டாரை அடைந்தது. நாட்டார் அதனை முறைப்படி எதிர்கொண்டு ஏற்று, பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து நிலத்தை வரையறுத்தனர். இறுதியாக அறவோலை எழுதித் தந்து, அதில் தொடர்புடையோர் கையொப்பமிட்டனர். அதிகாரிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏட்டில் பதியப்பட்டமை வெறும் மரபன்று. ஐயம் எழுந்தால் எந்தக் கண்ணியை வினவ வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

இச்செப்பேட்டில் காலம் பற்றிய ஒரு புதிரும் உண்டு. தமிழ்ப் பகுதி ஆறாம் ஆட்சியாண்டுக்குரியது. அஃதாவது ஏறத்தாழ கி.பி. 1018. சங்கரன் மகன் நாராயணன் இயற்றிய வடமொழிப் பகுதியோ, அதற்குப் பின் நிகழ்ந்த கங்கைப் படையெடுப்பையும் கடார வெற்றியையும் பாடுகிறது. எனவே வடமொழிப் பகுதி சில ஆண்டுகள் கழித்தே சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் கருத்து. ஆவணம் குறிக்கும் நாளும் அது உருப்பெற்ற நாளும் வேறாக இருக்கலாம் என்பதற்கு இது சான்று. இலச்சினை இந்த வேறுபாட்டைத் தெரிவிக்காது. உள்ளடக்கத்தை ஆராய்ந்தே அறிய முடியும்.

2. இலச்சினை மெய்யாக, வாசகம் பொய்யாக

ஆவணங்களின் மெய்ம்மையை ஆராயும் துறை ஐரோப்பாவில் 1681-இல் ஜான் மாபிலோன் எழுதிய நூலோடு முறையான வடிவம் பெற்றது. இந்தியாவில் அப்பணியை முன்னெடுத்தவருள் ஜே. எஃப். ஃபிளீட் குறிப்பிடத்தக்கவர். குப்தர் காலக் கல்வெட்டுகளை 1888-இல் தொகுத்து வெளியிட்ட அவர், சமுத்திரகுப்தன் பெயரிலான கயைச் செப்பேட்டைப் போலி என முடிவுசெய்தார். ஆயினும் அதன் இலச்சினை மெய்யானதாக இருக்கலாம் என்றும், வேறொரு செப்பேட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு இதில் பொருத்தப்பட்டிருக்கலாம் என்றும் கருதினார்.

இக்கருத்து இலச்சினை முறையின் அடிப்படைக் குறையைச் சுட்டுகிறது. இலச்சினை வேந்தனைக் குறிக்கும், வாசகத்தைக் குறிக்காது. எந்த ஆணைக்கும் ஒரே இலச்சினைதான். அதனால் ஓர் ஆணையின் இலச்சினையை மற்றோர் ஆணைக்கு மாற்றிவிட முடிகிறது. மையால் இடும் கையெழுத்துக்கும் இக்குறை உண்டு. வாசகம் மாறினால் தானும் மாறும் ஒப்பம் ஒன்று இருக்குமானால் இக்குறை தீரும். அத்தகைய ஒப்பம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலேயே தோன்றியது.

3. இரு திறவிகளின் வரலாறு

பூட்டவும் திறக்கவும் ஒரே திறவி என்பதே மறையீட்டியலின் நெடுங்கால வழக்கு. விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்ட கட்டுரை, இணையாக அமைந்த இரு திறவிகளைக் கொண்ட முறையை முன்மொழிந்தது. அதற்கு நடைமுறை வடிவம் தந்தவர்கள் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் ஆகிய மூவர். அவர்கள் 1977-இல் கண்டறிந்த முறை, அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது.

இம்முறையில் ஒருவருக்கு இரு திறவிகள் அமைகின்றன. தனித்திறவி அவரிடம் மட்டுமே இருக்கும். பொதுத்திறவியை யாரும் பெறலாம். ஆவணம் முழுவதும் ஒரு கணித வினைக்கு உட்பட்டுக் குறுகிய எண்ணாகச் சுருக்கப்படுகிறது. இதனைச் சுருக்கமதிப்பு எனலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் சுருக்கமதிப்பு முற்றிலும் மாறிவிடும். அம்மதிப்பின்மீது தனித்திறவியைக் கொண்டு செய்யும் வினையே மின்னொப்பம். பொதுத்திறவியைக் கொண்டு எவரும் அதனைச் சரிபார்க்கலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒப்பம் வேறுபடுவதால் ஒன்றன் ஒப்பத்தைப் பெயர்த்து மற்றொன்றில் பொருத்த இயலாது. கயைச் செப்பேட்டில் ஃபிளீட் கருதிய வகை மோசடிக்கு இங்கு இடமில்லை.

ஆனால் ஒரு சிக்கல் தீர, மற்றொன்று எழுந்தது. இப்பொதுத்திறவி இன்னாருடையது என்பதை உறுதிசெய்பவர் யார்? லோரன் கோன்ஃபெல்டர் 1978-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் இதற்கு விடை கண்டார். நம்பிக்கைக்குரிய ஒருவர், பெயரையும் பொதுத்திறவியையும் இணைத்துத் தம் ஒப்பமிட்டுத் தரும் சான்றிதழே அவ்விடை. சான்றிதழின் பொது வடிவம் 1988-இல் எக்ஸ்.509 என்னும் தரமாக வரையறுக்கப்பட்டது. இதனால் நம்பிக்கை என்பது கணிதத்தை விட்டு மீண்டும் நிறுவனங்களிடம் சென்றது. ஓலைநாயகத்தின் இடத்தில் சான்றளிப்பு நிறுவனம் அமர்ந்தது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்னொப்பத்துக்குக் கையொப்பத்துக்கு நிகரான ஏற்பை அது அளித்தது. சான்றளிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கக் கட்டுப்பாட்டாளர் ஒருவரையும் ஏற்படுத்தியது. கட்டுப்பாட்டாளரின் வேர்ச் சான்றிதழ், அதன்கீழ் உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ், அதன்கீழ் ஒப்பமிடுபவரின் சான்றிதழ் என இந்தியச் சங்கிலி அமைந்தது. சட்டத்தின் 42-ஆம் பிரிவு தனித்திறவியைக் காக்கும் கடமையை உரியவர்மேல் சுமத்துகிறது. திறவி பிறர் கைக்குச் சென்றால் உடனே சான்றளிப்பு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்; அறிவிக்கும்வரை நேர்வதற்கு உரியவரே பொறுப்பு.

4. தொழிற்பேட்டையில் மின்னொப்பம்

சட்டம் வந்தபின்னும் சில ஆண்டுகள் மின்னொப்பம் பரவலாகவில்லை. நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ.21 திட்டம் 2006-இல் தொடங்கி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் மின்வழித் தாக்கலைக் கட்டாயமாக்கியபோதே நிலை மாறியது. கும்மிடிப்பூண்டியிலுள்ள ஒரு சிறு வார்ப்பாலை, தனியார் வரையறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருப்பின், அதன் இயக்குநருக்கும் மின்னொப்பம் தேவையாயிற்று. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, நிறுவனங்கள் விவர அறிக்கைகளில் மின்னொப்பமிட வேண்டும் என விதி அமைந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல்தான் கைப்பேசிக் குறியெண் வழிச் சரிபார்ப்புக்கு நிறுவனங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. அரசு ஒப்பந்தப்புள்ளிகளும் மின்வழிக்கு மாறின.

வழக்கில் இது டி.எஸ்.சி. எனவும், தனித்திறவியைத் தாங்கும் சிறு கருவி டோக்கன் எனவும் வழங்குகிறது. தனித்திறவி டோக்கனுக்குள் இருந்து வெளியே படியெடுக்க முடியாதபடி அமைக்கப்படுகிறது. ஒப்பமிடுவோர் டோக்கனைக் கணினியில் செருகிக் கடவுச்சொல்லை இட வேண்டும். இந்த அமைப்பின் முழு வலிமையும் டோக்கன் உரியவர் கையில் இருப்பதைச் சார்ந்தது. நடைமுறையிலோ இயக்குநரின் டோக்கனும் கடவுச்சொல்லும் கணக்கரிடமோ தணிக்கையாளர் அலுவலகத்திலோ இருப்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். ஓலைநாயகத்தின் ஒப்பத்தை எழுத்தன் இட்டதற்கு இது ஒப்பாகும். கணித அளவில் ஒப்பம் செம்மையானது; சான்று அளவில் வெறுமையானது. எந்த மென்பொருளும் இப்பழுதைக் காட்டாது.

மின்னொப்பத்தின் பழுது நிறுவனத்தோடு நிற்பதில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். அவர்களது வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அடையாள விவரங்களும் வங்கிக் கணக்கும் ஏற, வேலையளிப்பவர் இணையவாயிலில் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அவ்வொப்புதலுக்கு மின்னொப்பம் வேண்டும். வேலையளிப்பவரின் சான்றிதழ் காலாவதியானாலோ, ஒப்பமிட்டவர் பணி விலகினாலோ, தொழிலாளியின் சேமிப்பு அவருக்கு எட்டாமல் நின்றது. வங்கிக் கணக்கு இணைப்புக்கு வேலையளிப்பவர் ஒப்புதல் தேவையில்லை என 2025 ஏப்ரலில் வைப்புநிதி நிறுவனம் அறிவித்தது. அங்குத் தீர்வு பழுதைச் சரிசெய்வதாக அமையவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணியையே விலக்குவதாக அமைந்தது.

5. பழுதின் வகைகளும் அறியும் முறையும்

மின்னொப்பம் சரிபார்க்கப்படும்போது ஐந்து வினாக்கள் முறையே எழுகின்றன. வாசகம் ஒப்பமிட்ட பின் மாறியதா? ஒப்பம் இப்பொதுத்திறவிக்கு உரியதா? சான்றிதழ்ச் சங்கிலி நம்பத்தக்க வேரைச் சென்றடைகிறதா? ஒப்பமிட்ட நேரத்தில் சான்றிதழ் செல்லுபடியில் இருந்ததா? அதற்குமுன் சான்றிதழ் இரத்து செய்யப்பட்டதா? முதலிரண்டும் கணித வினாக்கள்; இவற்றுக்கு ஐயத்துக்கு இடமின்றி விடை கிடைக்கும். எஞ்சிய மூன்றும் நிறுவனங்களைப் பொறுத்தவை. சரிபார்க்கும் கணினியில் என்ன பட்டியல் உள்ளது, அதன் கடிகாரம் என்ன காட்டுகிறது, இணைய இணைப்பு உள்ளதா என்பவற்றுக்கு ஏற்ப விடை மாறும்.

முன்னுரையில் சுட்டிய மஞ்சள் வினாக்குறி மூன்றாம் வினாவுக்குரியது. ஆவணம் படிக்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் தான் நம்பும் வேர்ச் சான்றிதழ்களின் பட்டியலைக் கொண்டுள்ளது. இந்திய வேர்ச் சான்றிதழ் அப்பட்டியலில் இல்லையாயின், ஒப்பம் மெய்யாக இருந்தாலும் மென்பொருளுக்கு அது அறிமுகமற்றவரின் ஒப்பமே. மின்-ஆதார் ஆவணத்திலும் இதே குறி தோன்றுவதால், ஆதார் ஆணையம் தன் விளக்கக் குறிப்பில், சான்றிதழில் உள்ள நிறுவனப் பெயரைப் பார்த்து அதனை நம்பத்தக்கோர் பட்டியலில் சேர்க்குமாறு மக்களுக்கு வழிகாட்டியது. இவ்வழிகாட்டலில் ஓர் இடர் உண்டு. பெயரை மட்டும் பார்த்து நம்பிக்கையில் சேர்ப்பது, இலச்சினையில் புலி இருக்கிறது என்பதற்காகச் செப்பேட்டை ஏற்பதற்கு ஒப்பானது. பெயரை எவரும் எழுதிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்து வேர்ச் சான்றிதழைப் பெற்று, அதன் சுருக்கமதிப்பைத் தனி வழியில் ஒப்புநோக்கிச் சேர்ப்பதே முறை. அவ்வாறு ஒருமுறை செய்தால் அதன்கீழ் வரும் ஒப்பங்கள் யாவும் தாமே சரிபார்க்கப்படும்.

இதற்கு மாறாக, வாசகம் திருத்தப்பட்டால் தோன்றும் எச்சரிக்கை முதல் வினாவுக்குரியது; அதனை ஒருபோதும் புறக்கணிக்கலாகாது. இரு எச்சரிக்கைகளும் ஒன்றே எனக் கருதும் வழக்கத்தால் இரு தீமைகள் விளைகின்றன. மெய்யான சான்றிதழ் திருப்பி அனுப்பப்படுகிறது. எச்சரிக்கை எப்போதும் வருவதுதானே என்னும் எண்ணம் நிலைபெற்றுத் திருத்தப்பட்ட சான்றிதழ் ஏற்கப்படவும் கூடும்.

நான்காம் வினா காலத்தைப் பற்றியது. ஒப்பமிடுவோரின் சான்றிதழ் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை செல்லுபடியாகும். நம்பகமான நேரமுத்திரை இல்லாதபோது, ஒப்பத்தில் பதியும் நேரம் ஒப்பமிட்ட கணினியின் கடிகார நேரமே. கடிகார மின்கலம் தீர்ந்த பழைய கணினி பின்னோக்கிய நாளைக் காட்டினால், புதிய சான்றிதழ் இன்னும் தொடங்காததாகத் தோன்றும். வேண்டுமென்றே நாளை மாற்றிவைத்தால், காலாவதியான சான்றிதழும் உயிருடன் தோன்றும். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் கண்ட காலப் புதிர் இங்கு வேறு வடிவில் மீள்கிறது. மூன்றாம் தரப்பு இடும் நேரமுத்திரையே இதற்குத் தீர்வு.

ஒப்பத்துக்கான திறவி வேறு, மறையாக்கத்துக்கான திறவி வேறு என்பதை மறப்பதாலும் பழுது நேர்கிறது. மின்வழி ஒப்பந்தப்புள்ளியில், விலைப்புள்ளி திறப்போரின் பொதுத்திறவியால் மறையாக்கம் செய்யப்படுகிறது. நியமிக்கப்பட்டவருள் குறைந்தது இருவர் தம் டோக்கனுடன் வந்தாலே திறக்க முடியும் என அமைப்பது வழக்கம். பெட்டகத்துக்கு இரு பூட்டிட்டுத் திறவிகளை இருவரிடம் பிரித்து வைக்கும் மரபின் தொடர்ச்சியே இது. இடைப்பட்ட காலத்தில் அலுவலர் சான்றிதழைப் புதுப்பித்து, டோக்கனை அழித்து எழுதிவிட்டால், பழைய திறவி என்றென்றைக்குமாக மறைகிறது. புதிய சான்றிதழ் அதே பெயரைத் தாங்கினும் பழைய பூட்டைத் திறக்காது. ஒப்பத் திறவி தொலைந்தால் வேறொன்று பெறலாம். மறையாக்கத் திறவி தொலைந்தால் ஆவணமே தொலையும்.

கருவி நிலைப் பழுதுகளும் உண்டு. அரசு இணையவாயில்கள் பல, உலாவியினுள் இயங்கும் ஜாவா குறுநிரலைக் கொண்டு டோக்கனை அணுகின. குரோம் உலாவி 2015-இல் அவ்வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை முற்றிலும் நிறுத்தியது. டோக்கனும் சான்றிதழும் செம்மையாக இருந்தும் ஒப்பமிட முடியாமற்போனது. தனியே நிறுவப்படும் ஒப்பமிடு மென்பொருள்கள் பின்னர் அவ்விடத்தை நிரப்பின. அச்சிடுதல் மற்றொரு முறிவு. மின்னொப்பம் கோப்பில் உள்ளது, தாளில் இல்லை. இ-சேவை மையத்தில் அச்சிட்டுப் பெறும் தாளில் காணப்படுவது ஒப்பத்தின் படம் மட்டுமே. தமிழ்நாட்டின் இணையவழிப் பட்டா நகலில் குறிப்பு எண் அச்சிடப்பட்டு, மூலப் பதிவேட்டில் தேடிச் சரிபார்க்குமாறு அறிவுறுத்தப்படுவது இதனை உணர்ந்த ஏற்பாடாகும். வரிப் பதிவேட்டில் ஏறாத ஆணையை நாட்டார் ஏற்காத பழைய முறைக்கு இது மிக அண்மையது.

6. 2014: சங்கிலி அறுந்த நிகழ்வு

மேற்கூறியவை தனித்தனி ஒப்பங்களின் பழுதுகள். சங்கிலியின் மேற்கண்ணியே பழுதுற்ற நிகழ்வு 2014-இல் நேர்ந்தது. தேசியத் தகவலியல் மையம் அரசுத் துறைகளுக்கான சான்றளிப்பு நிறுவனமாகவும் இயங்கிவந்தது. அதன் பெயரில், கூகுள் நிறுவனத்தின் இணையப் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் அவ்வாண்டு ஜூலை 2 அன்று அறிந்து, மையத்துக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் தெரிவித்தது. இந்திய வேர்ச் சான்றிதழ் விண்டோஸின் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால், அப்போலிச் சான்றிதழ்களை உலகெங்குமுள்ள விண்டோஸ் கணினிகள் ஐயமின்றி ஏற்றிருக்கும். தனிப் பட்டியலைக் கொண்ட ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இப்பாதிப்புக்கு வெளியே நின்றது.

மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் அனைத்தும் மறுநாள், ஜூலை 3 அன்று, இரத்து செய்யப்பட்டன. சான்றிதழ் வழங்கும் செயல்முறை ஊடுருவப்பட்டதாகவும், நான்கு சான்றிதழ்களே தவறாக வழங்கப்பட்டதாகவும், முதலாவது ஜூன் 25-க்குரியது என்றும் கட்டுப்பாட்டாளர் தெரிவித்தார். அந்நான்கில் அடங்காத பிறவற்றையும் தான் கண்டிருப்பதாகக் கூறிய கூகுள், முறிவின் எல்லை அறியப்படவில்லை என முடிவுசெய்தது. இனி இந்திய வேர்ச் சான்றிதழை, அரசு மற்றும் கல்வி நிறுவனப் பெயர்கள் உள்ளிட்ட ஏழு இணையப் பெயர்த் தொகுதிகளுக்கு மட்டுமே குரோம் ஏற்கும் என அறிவித்தது.

இந்நிகழ்வில் கணிதம் எங்கும் தோற்கவில்லை. போலிச் சான்றிதழ்களின் ஒப்பம் கணித அளவில் குறையற்றது. இலச்சினை மெய்யாக, வாசகம் பொய்யாக இருந்தது என்னும் ஃபிளீட்டின் கூற்று இங்கும் பொருந்துகிறது. வேறுபாடு ஒன்றே: அங்கு இலச்சினை பெயர்க்கப்பட்டது, இங்கு இலச்சினை இடும் அறைக்குள்ளேயே அயலார் நுழைந்தனர். இதற்கு மூன்றாண்டு முன், 2011-இல், நெதர்லாந்தின் டிஜினோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனம் இதேபோல் ஊடுருவப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரிலேயே நொடித்துப்போனது. ஓர் அரசின் வேர்ச் சான்றிதழுக்கு எல்லை வகுக்கும் ஆற்றல் ஓர் உலாவி நிறுவனத்திடம் இருப்பதையும் 2014 நிகழ்வு வெளிப்படுத்தியது. ஏற்பவரே இறுதி அதிகாரி என்பதை அது தெளிவாக்குகிறது.

7. பூட்டே பழுதுபட்ட நேர்வுகள்

கணிதமும் அதன் செயலாக்கமும் ஒருபோதும் பழுதுறுவதில்லை எனக் கூறிவிட முடியாது. 2006 முதல் 2008 வரை டெபியன் இயங்குதளத்தில் நேர்ந்த நிரல் மாற்றத்தால், உருவான திறவிகள் ஊகித்தறியத்தக்க சிறு தொகுதிக்குள் அடங்கிவிட்டன. எஸ்தோனியா 2017 நவம்பரில், தேசிய அடையாள அட்டைச் சில்லின் திறவி உருவாக்கக் குறை காரணமாக, ஏறத்தாழ 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது. ஒரே சுருக்கமதிப்புடைய இரு வேறு ஆவணங்களை ஷா-1 முறையில் உருவாக்க முடியும் என ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு மையமும் கூகுளும் 2017 பிப்ரவரியில் மெய்ப்பித்தன. இந்தியாவில் ஷா-2 முறையும் 2048 துணுக்குத் திறவியும் 2012 சனவரி முதலே கட்டாயமாக்கப்பட்டிருந்தமை இங்குக் கருதத்தக்கது.

இந்நேர்வுகளுக்கான தீர்வைப் பழந்தமிழ் ஆவண மரபும் அறிந்திருந்தது. கோயில்கள் கற்றளியாகப் புதுப்பிக்கப்பட்டபோது, சிதையவிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, பழங்கற்படி என்னும் குறிப்புடன் புதிய சுவரில் பொறித்தனர். செம்பியன் மாதேவி புதுப்பித்த திருக்கோடிகாவல் இதற்குச் சான்று. முறை வலுவிழக்குமுன், பழைய ஆவணத்தைப் புதிய நேரமுத்திரையால் உறையிட்டுக் காக்கும் இன்றைய நெடுங்கால ஆவணக் காப்பு இதே நெறியைச் சார்ந்தது. காலாவதியான ஒப்பங்களுடன் அரசுக் கோப்பகங்களில் குவிந்துவரும் மின்னாவணங்களுக்கு இந்நெறி இன்றியமையாதது.

முடிவுரை

இலச்சினை ஆணையிட்டவரைக் காட்டியது; வாசகத்தைக் காக்க வளையமும், ஐயம் தீர்க்கப் பதிவேடும் நாட்டாரும் துணைநின்றனர். மின்னொப்பம் வளையத்தின் பணியைக் கணிதத்தால் முழுமையாகச் செய்கிறது. பதிவேட்டின் பணியையும் நாட்டாரின் பணியையும் அதனால் செய்ய இயலாது. அவை சான்றளிப்பு நிறுவனத்திடமும், வேர்ச் சான்றிதழ்ப் பட்டியலிடமும், நேரமுத்திரையிடமும், டோக்கனைக் கையில் வைத்திருக்கும் மனிதரிடமும் உள்ளன. இங்கு ஆராயப்பட்ட பழுதுகளுள் மிகுதியானவை இவ்விடங்களிலேயே நேர்ந்துள்ளன.

எனவே மின்னொப்பம் ஏற்கப்படாதபோது எழ வேண்டிய முதல் வினா ஒப்பம் மெய்யா பொய்யா என்பதன்று. ஐந்து வினாக்களுள் எது விடையின்றி நிற்கிறது என்பதே. இப்பகுப்பு கல்லூரிச் சேர்க்கை அலுவலகங்களிலும் வருவாய்த் துறையிலும் தொழிற்பேட்டை நிறுவனங்களிலும் அறியப்படுமாயின், மெய்யான சான்றிதழுடன் வருவோர் திருப்பி அனுப்பப்படும் நிலை குறையும். தமிழில் இதற்கான விளக்க நூல்களும் நிலையான கலைச்சொற்களும் உருவாக வேண்டியுள்ளன. செப்பேடுகளைச் சரிபார்க்கும் முறையை வகுத்த கல்வெட்டியலும் ஆவணவியலும் அப்பணியில் கணினித் துறைக்குத் துணைநிற்க இடமுண்டு.